நேர்ந்துவிட்ட சொல்

தோழியின் அம்மா தவறி ஒன்பது நாள் ஆகியிருந்தது. ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தாள். "நாளைக்கு அச்சுக்குக் கொடுக்கணும். அண்ணன் இங்கிலீஷ்ல எழுதி அனுப்பிட்டான். நாலு வரிதான், தமிழ்ல மாத்திக் குடுத்துடேன்" என்றாள். நினைவஞ்சலிக்கான சின்ன அட்டை. மொழிபெயர்ப்பே எனக்குத் தொழில் என்பதால் இந்த மாதிரி வேலையெல்லாம் என்னிடம்தான் வரும். ஐந்து நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பிறந்த தேதி, மறைந்த தேதி, பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் எழுதியாயிற்று. இரண்டாவது வரியில் மாட்டிக்கொண்டேன். 'டிவோட்டட் வைஃப் அண்ட் மதர்' என்று இருந்தது.

அந்த அம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். தோழியின் அப்பா பக்கவாதம் வந்து பதினான்கு வருடம் படுக்கையில் இருந்தார். படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும் என்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அம்மா அதற்கு ஒரு நோட்டு வைத்திருந்தார். மணியை எழுதி, பக்கத்தில் 'இ' அல்லது 'வ' என்று போடுவார். இடது பக்கம், வலது பக்கம். 10 இ, 12 வ, 2 இ, 4 வ. நடுராத்திரிக்கும் விடியற்காலைக்கும் அதே கையெழுத்து. சும்மா ஒன்றும் செய்ய மாட்டார், திட்டிக்கொண்டேதான் செய்வார். "இந்த மனுஷனால எனக்கு ஒரு நாள் தூக்கம் உண்டா" என்பார், சொல்லும்போதே கை அவர் தோளுக்கு அடியில் போய்விடும்.

இந்த அம்மாவுக்கு எந்தச் சொல்லைப் போடுவது? 'அன்பான மனைவி' என்று எல்லா அட்டையிலும்தான் போடுகிறார்கள். 'பக்தியுள்ள மனைவி' என்றால் கணவனைக் கும்பிட்டுக்கொண்டு இருந்தவர் மாதிரி ஆகிவிடும். 'அர்ப்பணிப்பு' என்று எழுதினாலே பணி ஓய்வு விழா மேடை ஞாபகத்துக்கு வருகிறது. 'ஈடுபாடு' பாட்டுக் கற்றுக்கொள்வதற்கும் செடி வளர்ப்பதற்கும் சரி. 'பதிவிரதை' வேண்டவே வேண்டாம், அந்தச் சொல்லின் தலையில் வேறு பல சுமைகள் இருக்கின்றன. ஒன்றும் பொருந்தவில்லை. சரி, ஆங்கிலச் சொல்லே என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று அகராதியைத் திறந்தேன். திறந்தவள் விடியும்வரை மூடவில்லை.

சாமுவேல் ஜான்சனின் அகராதி 1755-ல் வந்தது. பழைய அச்சைப் படமெடுத்த பக்கங்கள் என்னிடம் உண்டு. 'டிவோட்' என்ற வினைச்சொல்லுக்கு முதல் பொருள் நாம் எதிர்பார்ப்பதுதான்: நேர்ந்துகொடுத்தல், புனிதமாக்குதல். கீழே போகப் போகத்தான் நிறம் மாறுகிறது. தீமைக்கு விட்டுவிடுதல் என்று ஒரு பொருள். கடைசியில், சபித்தல், அழிவுக்கு விதித்தல். திருப்பிப் படித்தேன். அன்பான மனைவிக்கும் அப்பாவுக்கும் போடுகிற அதே சொல்லின் கீழே சாபம் என்று எழுதியிருக்கிறது. அதே அகராதி 'டிவோட்டி', அதாவது பக்தர் என்ற சொல்லுக்கு, தவறான அல்லது மூடத்தனமான சமயப்பற்று உடையவர் என்று பொருள் சொல்கிறது. ஜான்சன் சொந்த வாழ்வில் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர் என்பதால் அது எனக்கு இன்னும் வியப்பு.

சாபம் எங்கிருந்து வந்தது என்று தெரிய லத்தீனுக்குப் போக வேண்டும்.

லத்தீனில் 'வோவேரே' என்றால் தெய்வத்திடம் வாக்குக் கொடுத்தல், வேண்டிக்கொள்ளுதல். அப்படிக் கொடுத்த வாக்கும், வாக்கின்படி செலுத்தும் பொருளும் 'வோட்டும்'. ஆங்கிலத்தின் 'வௌ', அதாவது சபதம், பிரெஞ்சு வழியாக இதிலிருந்துதான் வந்தது. தேர்தலில் போடுகிற வோட்டும் இதன் பிள்ளைதான். ஆசை, வேண்டுதல் என்றிருந்த சொல் 'என் விருப்பம் இது' என்று தெரிவிப்பதாகச் சுருங்கியது. கிரேக்க மொழியில் இதற்கு ஓர் உறவு உண்டு, 'யூகோமாய்'. ஹோமரின் காவியங்களில் வீரன் தெய்வத்தை வேண்டுவதற்கும் அந்தச் சொல்தான், 'நான் இன்னாரின் மகன்' என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்வதற்கும் அதே சொல்தான். இரண்டும் பலர் கேட்க உரக்கச் சொல்வது. சொன்ன பிறகு பின்வாங்க முடியாது.

இங்கே தமிழ் படித்தவர்களுக்கு ஒரு வழுக்குப் பாறை இருக்கிறது. 'வௌ' என்றதும் 'வாக்கு' நினைவுக்கு வரும். எனக்கும் வந்தது. சமஸ்கிருத 'வாச்'சும் லத்தீன் 'வோக்ஸ்'உம் ஒரு வேர், குரல் என்ற பொருள். 'வௌ' வேறு வேர். ஆனால் ஆங்கிலத்தில் 'அவௌ' என்று ஒரு சொல் உண்டு, வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுதல் என்று பொருள். அது 'அட்வோகாரே' என்ற லத்தீன் சொல்லில் இருந்து வந்தது, அதற்குள் இருப்பது வோக்ஸ். ஆக, 'வௌ'வுக்கும் வாக்குக்கும் உறவில்லை, 'அவௌ'வுக்கும் வாக்குக்கும் உறவு உண்டு. சொற்களை முகஜாடையை வைத்துக் குடும்பம் சேர்க்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ரோமர்களின் 'வோட்டும்' ஒரு கடன். நான் கேட்டதை நீ கொடு, நான் சொன்னதைக் கொடுத்துவிடுகிறேன். கேட்டது கிடைத்துவிட்டால் அந்த ஆளை 'வோட்டி ரேயுஸ்' என்பார்கள், வேண்டுதலுக்குக் கட்டுப்பட்டவன் என்று. 'ரேயுஸ்' வழக்காடு மன்றத்துச் சொல், எதிர்வாதியைக் குறிப்பது. 'வேண்டுதலால் தண்டிக்கப்பட்டவன்' என்றும் சொல்வார்கள். வரம் கிடைத்தவனுக்குக் குற்றவாளியின் பெயர்! யோசித்துப் பார்த்தால் நாமும் நேர்த்திக்கடன் என்றுதானே சொல்கிறோம். கடனைத் தீர்த்த பிறகு கல் நட்டு, அதில் நான்கு சொற்களின் முதல் எழுத்துகளை வெட்டுவார்கள். 'வோட்டும் சோல்விட் லிபென்ஸ் மேரிட்டோ'. வேண்டுதலை மனமுவந்து, தகும்படி தீர்த்தான். பேரரசின் வட எல்லையான பிரிட்டனில்கூட இப்படிப்பட்ட கற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அந்த நான்கில் 'லிபென்ஸ்', மனமுவந்து, என்பதைக் கவனியுங்கள். கடனைத்தான் கட்டுகிறான், ஆனாலும் முகம் சுளிக்காமல் கட்டினேன் என்று கல்லில் வெட்டிவைக்கிறான்.

இந்த 'வோவேரே'யின் முன்னால் 'டே' என்ற ஒட்டைச் சேர்த்தால் 'டேவோவேரே'. அகற்றி, கீழே, முழுக்க என்ற சாயல்கள் அந்த ஒட்டில் உண்டு. வெறும் வோட்டும் என்றால் ஒரு பொருளைத் தருவேன் என்று சொல்வது. டேவோவேரே என்றால் இந்த உலகக் கணக்கில் இருந்தே எடுத்து அந்தப் பக்கம் ஒப்படைத்துவிடுவது. தமிழில் இதற்கு நூல் பிடித்த மாதிரி ஒரு சொல் இருக்கிறது: நேர்ந்துவிடுதல். 'நேர்ந்துகொள்'வதோடு நின்றால் அது வேண்டுதல். 'விட்டு' விட்டால் கை கழுவியாயிற்று, அது இனி நம்முடையது இல்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் அன்று ராத்திரி என்னைப் பிடித்து உட்கார வைத்தது.

கி.மு. 340. ரோமுக்கும் அதன் அண்டை மக்களான லத்தீன்களுக்கும் போர். ரோமின் ஆட்சித் தலைவர்களான இரண்டு கான்சல்கள் படையை நடத்திப் போகிறார்கள், ஒருவர் டெசியஸ் மூஸ், இன்னொருவர் மான்லியஸ் டோர்குவாட்டஸ். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, அகஸ்டஸ் காலத்தில் எழுதிய வரலாற்றாசிரியர் லிவி இந்தக் கதையைச் சொல்கிறார். இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு பிறகு சேர்ந்தது என்ற கேள்வி இருக்கட்டும். ரோமர்கள் தங்கள் சொல்லை எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே ராத்திரி ஒரே கனவு வருகிறது. மனித அளவைவிடப் பெரிய ஓர் உருவம் வந்து, 'ஒரு பக்கத்துத் தளபதியும் மறு பக்கத்துப் படையும் இறந்தோர் ஆவிகளுக்கும் பூமித்தாய்க்கும் சேர வேண்டியவை' என்கிறது. எந்தத் தளபதி எதிரிப் படைகளோடு தன்னையும் சேர்த்து ஒப்படைக்கிறானோ, வெற்றி அவன் மக்களுக்கு. இரண்டு கான்சல்களும் உட்கார்ந்து பேசி முடிவு செய்கிறார்கள்: யாருடைய அணி முதலில் பின்வாங்குகிறதோ, அவர்.

போரில் டெசியஸ் நின்ற இடது அணி தளர்ந்தது. அவர் சத்தம் போட்டு மார்க்கஸ் வலேரியஸ் என்ற பூசகரைக் கூப்பிட்டு, எப்படிச் சொல்ல வேண்டுமோ அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடு என்று கேட்கிறார். போர்க்களத்தின் நடுவில் நடக்கிற சடங்கை லிவி அங்குலம் அங்குலமாக எழுதுகிறார். ஊதா விளிம்பு வைத்த சடங்கு உடையை உடுத்த வேண்டும். தலையை மூட வேண்டும். உடைக்குள்ளிருந்து ஒரு கையை வெளியே எடுத்து மோவாயைத் தொட வேண்டும். தரையில் கிடத்திய ஈட்டியின் மேல் இரண்டு காலையும் வைத்து நிற்க வேண்டும். பிறகு பூசகர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஜானுஸ், ஜூப்பிட்டர், மார்ஸ் என்று தெய்வங்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் வருகிறது அந்த வினைச்சொல். எதிரியின் படைகளை, என்னோடு சேர்த்து, இறந்தோர் ஆவிகளுக்கும் பூமிக்கும், 'டேவோவேயோ'. நேர்ந்துவிடுகிறேன்.

அந்த ஆள் மோவாயில் கையை வைத்துக்கொண்டு ஈட்டி மேல் நிற்கும் காட்சி என் கண்ணை விட்டு அகலவே இல்லை. சுற்றிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் நிதானமாக, ஒரு சொல் பிசகாமல் மந்திரம் சொல்கிறார். அதுவரை ஆவேசத்துக்கு இடமில்லை. முடித்ததும் உடையை இறுக்கிக் கட்டி, ஆயுதத்தோடு குதிரையில் ஏறி எதிரிகளின் நடுவில் பாய்கிறார். அவர் போன இடமெல்லாம் எதிரிகள் நடுங்கினார்கள், தொற்றுநோயை வாரிக்கொண்டு வருகிறவர் போல அவர் தெரிந்தார் என்கிறார் லிவி. அவர் விழுந்தார், ரோம் வென்றது. அன்று அவர் உடல் கிடைக்கவில்லை. மறுநாள் எதிரிகளின் பிணக்குவியலில், உடம்பெல்லாம் அம்பும் ஈட்டியும் தைத்த நிலையில் கண்டெடுத்தார்கள். இந்தச் சடங்கின் பெயர் 'டேவோட்டியோ'. டிவோஷன் அதன் நேர்வாரிசு.

லிவி இதோடு நிறுத்தவில்லை. நேர்ந்துவிட்ட ஆள் சாகாமல் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி இருக்கிறது என்கிறார். தளபதி தனக்குப் பதிலாகப் படையில் இருந்து ஒரு குடிமகனையும் நேர்ந்துவிடலாம். அந்த வீரன் செத்தால் எல்லாம் முறைப்படி முடிந்தது. பிழைத்துவிட்டால் ஏழு அடியோ அதற்கு மேலோ உயரமான ஓர் உருவத்தைச் செய்து மண்ணில் புதைக்க வேண்டும், பரிகாரப் பலியும் கொடுக்க வேண்டும். புதைத்த இடத்தை ரோமானிய அதிகாரி யாரும் மிதிக்கக் கூடாது. தளபதியே தன்னை நேர்ந்துவிட்டுப் பிழைத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் தன் வீட்டுக்காகவோ நாட்டுக்காகவோ எந்தச் சடங்கையும் செய்யத் தகுதியற்றவர். உயிரோடு இருக்கிறார், ஆனால் இந்தப் பக்கத்து ஆள் இல்லை. ஒப்படைத்த பொருள் எப்படியோ கீழே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

டெசியஸின் மகனுக்கும் அதே பெயர், அதே முடிவு. கி.மு. 295-ல் சென்டினும் என்ற இடத்தில், சாம்னைட்டுகளும் 'கால்' என்ற இனத்தாரும் சேர்ந்து எதிர்த்த போரில், அவரும் பூசகரை அழைத்து அதே சொற்களைச் சொன்னார். குடும்பத்துக்கு எழுதிய விதியை ஏன் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டதாக லிவி எழுதுகிறார்.

இப்போது சாபம் எங்கிருந்து வந்தது என்பது தெரிகிறது. டெசியஸ் தன்னை மட்டும் நேர்ந்துவிடவில்லை. எதிரியையும் சேர்த்துத்தான் விட்டார். ஒரே வினைச்சொல், ஒரே மூச்சு. தன்னை விட்டால் தியாகம், அடுத்தவனை விட்டால் சாபம். ஒப்படைக்கிற இடமும் ஒன்றுதான், பாதாளம்.

பிற்காலத்தில் இந்தச் சொல் தெருவுக்கும் வந்துவிட்டது. கி.பி. 19-ல் ரோமானிய இளவரசர் ஜெர்மானிக்குஸ் மர்மமான நோயில் கிடந்து இறந்தபோது, அவர் இருந்த வீட்டின் தரையிலும் சுவரிலும் மனித எலும்புகளும், அவர் பெயர் கீறிய ஈயத் தகடுகளும் கிடைத்தன என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். மந்திரங்கள், 'டேவோட்டியோனேஸ்' என்று அவற்றைச் சொல்கிறார். பில்லிசூனியம்தான்.

இதைவிட எனக்குப் பிடித்தது இங்கிலாந்தின் பாத் நகரத்து ஈயத் தகடு. அங்கே வெந்நீர் ஊற்று ஒன்று உண்டு, ரோமானியர் காலத்தில் சுலிஸ் என்ற தெய்வத்தின் கோயிலாக இருந்தது. ஊற்றுக்குள் இருந்து ஏறத்தாழ 130 ஈயத் தகடுகளை எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் திருட்டுக் கொடுத்தவர்கள் எழுதிப் போட்டவை. ஒன்றில் டோசிலியானுஸ் என்பவர் முறையிடுகிறார். அவருடைய தலைமூடி வைத்த மேலங்கியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். 'மிகப் புனிதமான சுலிஸ் தெய்வத்துக்கு, என் மேலங்கியைத் திருடியவனை டேவோவேயோ' என்று எழுதுகிறார். ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவரோ, அவருக்குத் தெய்வம் சாவைக் கொடுக்கட்டும், அங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை தூக்கமும் வேண்டாம், பிள்ளைகளும் வேண்டாம். ஓர் அங்கிக்கு எவ்வளவு கோபம்! ஆனால் அந்தக் குளிரில் ஒருவருக்கு இருந்ததே அந்த ஓர் அங்கியாகவும் இருக்கலாம் அல்லவா? ஆங்கிலம் பேசுகிறவர்கள் அந்தத் தீவுக்கு வந்து சேர்வதற்கு முன்பே, அந்த மண்ணில், டிவோஷனின் மூலச் சொல்லை ஒருவர் ஈயத்தில் கீறிச் சுருட்டி வெந்நீரில் போட்டிருக்கிறார். திருடனைச் சபிக்க.

அப்படிப்பட்ட சொல் எப்படி அன்புக்குள் வந்தது?

ஒரு வழி அரசாங்கத்தின் வழி. மூன்றாம் நூற்றாண்டில் இருந்து, பேரரசருக்குக் கல் நட்ட அதிகாரிகள் தங்களை அவருடைய தெய்வீகத்துக்கும் மாட்சிக்கும் 'டேவோட்டுஸ்' என்று குறித்துக்கொண்டார்கள். உங்களுக்கே ஆட்பட்டவன் என்பதுபோல. அங்கே சாவு பின்னால் ஒதுங்கி, விசுவாசம் முன்னால் வந்துவிட்டது.

மற்றது திருச்சபையின் வழி. சொல்லின் உள்ளே இருந்ததை யாரும் மறைக்கவில்லை என்பதுதான் என்னை மிகவும் தொட்டது. 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் தன் பெரிய இறையியல் தொகுப்பில் டேவோட்டியோவுக்கென்றே ஒரு கேள்வியை ஒதுக்குகிறார். இந்தச் சொல் நேர்ந்துவிடுதலில் இருந்து வந்தது என்று தொடங்கி, முற்காலத்தில் தங்கள் படையைக் காப்பாற்றத் தங்களைச் சாவுக்கு நேர்ந்துவிட்டவர்களை அப்படி அழைத்தார்கள், டெசியஸ் இருவரைப் பற்றி லிவி சொல்வதுபோல, என்று எழுதுகிறார். துறவி ஒருவர், கிறிஸ்தவ பக்தியை விளக்கும்போது, வேறு தெய்வங்களைக் கும்பிட்ட ரோமானியத் தளபதிகளைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். பிறகு தன் வரையறையைச் சொல்கிறார்: இறைவனின் சேவைக்கானவற்றில் தன்னை உடனே ஒப்படைக்கத் தயாராக இருக்கிற மனத்திண்மை.

அவர் சொல்வது ஓர் உணர்ச்சியை அன்று. கண்ணீர், உருக்கம், நெஞ்சு நெகிழ்தல் எதுவும் அந்த வரையறையில் இல்லை. டிவோஷன் என்பது விருப்பாற்றல் செய்கிற ஒரு செயல் என்கிறார். 'உடனே' என்ற சொல் மட்டும் முக்கியம். கூப்பிட்டால் எழுந்திருப்பது. அதனால் மகிழ்ச்சி உண்டாகும் என்று வேறு ஓர் இடத்தில் சொல்கிறார், ஆனால் அது விளைவு.

நம்முடைய 'பக்தி'யின் வேர் வேறு. சமஸ்கிருத 'பஜ்', பங்கிடுதல், பங்கு பெறுதல். அதில் சேர்ந்திருப்பது இருக்கிறது, ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு உனக்கு. டிவோஷனில் பங்கே இல்லை, முழுக்கக் கொடுத்துவிட்டுக் கை வெறுமையாகிறது. இரண்டையும் ஒன்றுக்கொன்று மொழிபெயர்ப்பாகப் போட்டு நாம் பல காலமாகப் பிழைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பில்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் ஒன்று உறவில் தொடங்கிய சொல், மற்றது ஒப்படைப்பில் தொடங்கிய சொல்.

ஆங்கிலத்தில் டிவோஷன் முதலில் தலைகாட்டுகிற நூல்களில் ஒன்று, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த 'ஆங்க்ரென் விஸ்ஸே'. அது யாருக்காக எழுதப்பட்டது தெரியுமா? கோயில் சுவரை ஒட்டிய ஒரு சின்ன அறைக்குள் போய், சாகும்வரை வெளியே வராமல் பிரார்த்தனையில் இருந்த பெண்களுக்காக. அப்படி ஒருத்தியை அறைக்குள் அனுப்பும் சடங்கில் இறந்தவர்களுக்கான வழிபாட்டின் பகுதிகள் சேர்ந்திருந்தன. உயிரோடு இருக்கிறவளுக்கு ஈமச் சடங்கு. பிழைத்து வந்த டெசியஸ் இருந்திருந்தால் அவர் நிலையும் இதுதான். பதினைந்து நூற்றாண்டு கடந்து, மொழி மாறி, மதம் மாறி, அந்தச் சொல் தன் இடத்தை எப்படியோ கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் நடந்தது எல்லாச் சொற்களுக்கும் நடப்பதுதான். பன்மையில் 'டிவோஷன்ஸ்' என்றால் தினசரிப் பிரார்த்தனைகள் என்றாயிற்று. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் காதலுக்கும் வந்துவிட்டது; ரோமியோ ஜூலியட்டின் கையைத் தொடும்போது அவள் அந்தக் கை காட்டும் டிவோஷனைப் பற்றிப் பேசுகிறாள், கையும் கையும் சேர்வது யாத்திரிகர்களின் முத்தம் என்கிறாள். கோயில் பாஷையில் காதல் பேசுகிற விளையாட்டு. ஆனால் பழைய இருட்டு முற்றிலும் போகவில்லை. 1667-ல் மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' வந்தபோது, கனியைத் தின்றுவிட்ட ஏவாளைப் பார்த்து ஆதாம் புலம்புகிறான், 'இப்போது சாவுக்கு டிவோட் ஆகிவிட்டாயே' என்று. அங்கே அந்தச் சொல்லுக்கு அன்பே பொருள் இல்லை. விதிக்கப்பட்டவள்.

பைபிளில் இதை இன்னும் கிட்டத்தில் பார்க்கலாம். எரிகோ நகரம் விழப்போகிறது. 1611-ன் ஆங்கில மொழிபெயர்ப்பு அந்த நகரம் 'சபிக்கப்பட்டது' என்கிறது. பழைய தமிழ் பைபிளில் 'சாபத்தீடு' என்று இருக்கும். அண்மைக் கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சிலவற்றைத் திறந்தால், நகரம் கர்த்தருக்கு 'டிவோட்டட்' என்று இருக்கிறது. அதே மொழிபெயர்ப்புகளில், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்தில், ஸ்தேவான் வீட்டார் பரிசுத்தவான்களுக்கு ஊழியம் செய்யத் தங்களை 'டிவோட்' பண்ணினார்கள் என்றும் இருக்கிறது. எரிந்துபோகிற நகரத்துக்கும் உழைக்கிற குடும்பத்துக்கும் ஒரே சொல். 1611-ல் அந்தக் குடும்பத்துக்கு என்ன போட்டிருந்தார்கள் என்று பார்த்தேன். 'அடிக்டட்'! ஊழியத்துக்குத் தங்களை அடிக்ட் ஆக்கிக்கொண்டார்கள். அந்தச் சொல்லும் ரோமானிய மன்றத்தில் இருந்து வந்தது, கடனைக் கட்ட முடியாதவனைக் கடன் கொடுத்தவன் கையில் ஒப்படைப்பது. இன்று ஒன்று போதைக்குப் போய்விட்டது, மற்றது அஞ்சலி அட்டைக்கு வந்துவிட்டது. இரண்டும் பிறந்தபோது பொருள் ஏறக்குறைய ஒன்றுதான்: இந்த ஆள் இனி தனக்குச் சொந்தமில்லை.

மணி மூன்றரை ஆகியிருந்தது. அட்டையில் அந்த ஒரு வரி மட்டும் காலியாக இருந்தது.

எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வந்தது. திட்டிக்கொண்டே தோளுக்கு அடியில் போகும் அந்தக் கை ஞாபகம் வந்தது. பதினான்கு வருடமும் அவருக்கு மனம் உருகிக்கொண்டே இருந்திருக்காது. நிறைய ராத்திரிகளில் சலிப்புதான் இருந்திருக்கும், சில ராத்திரிகளில் வெறுப்புகூட இருந்திருக்கலாம். ஆனால் இரண்டு மணிக்கு 'இ', நான்கு மணிக்கு 'வ'. அக்குவினாஸ் சொன்ன 'உடனே' அந்த நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கிறது. தோழியின் அண்ணன் எதையும் யோசிக்காமல், எல்லோரும் போடுகிற சொல் என்றுதான் 'டிவோட்டட்' என்று போட்டிருப்பார். அவரை அறியாமலே மிகச் சரியான சொல் விழுந்திருக்கிறது. தமிழில் அதற்கு ஈடாக ஒரு பெயரடையைத் தேடியதுதான் என் பிழை.

காலையில் தோழிக்கு வரியை அனுப்பினேன். 'பதினான்கு வருடம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, எங்கள் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைத்தவர்.'

கொஞ்ச நேரம் பதிலே இல்லை. பிறகு கூப்பிட்டாள். "அண்ணன் கேக்கறான், அட்டையில இப்படியெல்லாம் போடுவாங்களான்னு."

"நீ என்ன சொன்ன?"

"நோட்டை எடுத்து போட்டோ அனுப்பினேன். கடைசிப் பக்கம்."

"கடைசிப் பக்கத்துல என்ன இருக்கு?"

"அப்பா போன அன்னிக்கு ராத்திரி. 12 வ, 2 இ. அதுக்குக் கீழ 4-ன்னு எழுதியிருக்கா, பக்கத்துல ஒண்ணும் போடல." கொஞ்சம் பொறுத்து, "அவன் சரின்னுட்டான். அச்சுக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.